நிஃப்டியின் நாளைய முடிவு விலையை எல்.எஸ்.டி.எம். மாடல் உண்மையிலேயே கணிக்கிறதா?

மேட்டூர்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் மென்பொருள் சோதனைப் பணியில் இருப்பவன். மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடுவதைத் தவிரப் பங்குச்சந்தையில் பெரிய பழக்கம் கிடையாது. கடந்த சில மாதங்களாக ஓய்வு நேரத்தில் பைத்தானில் ஓர் எல்.எஸ்.டி.எம். மாடலை (வரிசையாக வரும் தரவிலிருந்து கற்கும் நரம்பு வலைப்பின்னலை) எழுதி, 2010 முதல் 2024 வரையிலான தேசிய பங்குச்சந்தையின் 50 பெரிய பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டின் அன்றாட விலைகளைக் கொடுத்துப் பயிற்றுவித்திருக்கிறேன். முந்தைய 60 வர்த்தக நாள்களின் விலைகளைப் பார்த்துவிட்டு மறுநாளின் முடிவு விலையை அது சொல்ல வேண்டும். 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளைச் சோதனைக்கென்று ஒதுக்கி வைத்தேன். அந்தக் காலத்தில் சராசரிப் பிழை 0.7 சதவீதம்தான். வரைபடத்தில் கணித்த கோடும் உண்மைக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாற்போல் இருக்கின்றன. அடுக்குகளின் எண்ணிக்கை, கற்றல் வேகம் போன்றவற்றைப் பலவாறு மாற்றிப் பார்த்து, திசையை (உயருமா, இறங்குமா என்பதை) 56 சதவீத நாள்களில் சரியாகச் சொல்லும் அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

இந்த வரைபடத்தைப் பார்த்த என் மைத்துனரும் அலுவலக நண்பர்கள் இருவரும், ஆளுக்குச் சில லட்சம் தருவதாகவும், நான் அதை நிஃப்டி ஃப்யூச்சர்ஸில் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசி வாங்கி விற்கும் ஒப்பந்தங்களில்) போட்டு நடத்தி லாபத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். பணத்தைத் தொடுவதற்கு முன் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. இந்த முடிவுகளை நம்பலாமா? நம்பக் கூடாதென்றால் எங்கே எதைச் சோதிக்க வேண்டும்? சாட்ஜிபிடி போன்ற மொழி மாடலைக் கொண்டு செய்தித் தலைப்புகளையும் படிக்க வைத்தால் கணிப்பு மேம்படுமா? பிறர் பணத்தை இப்படிக் கையாள்வதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?


எண்கணிதன் (பதில்):

வணக்கம். உங்கள் மாடலைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, “நாளைய முடிவு விலை இன்றைய முடிவு விலையேதான்” என்று தினமும் சொல்லும் ஒற்றை வரி நிரலை எழுதி, அதே இரண்டு ஆண்டுகளுக்கு அதன் சராசரிப் பிழையைக் கணக்கிடுங்கள். 2023, 2024 போன்ற அமைதியான ஆண்டுகளில் நிஃப்டி ஒரு நாளில் சராசரியாக நகர்ந்த தொலைவே அரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அப்படியானால் எதையும் கற்காத அந்த ஒற்றை வரியின் பிழை உங்கள் மாடலின் 0.7 சதவீதத்தைவிடக் குறைவாகவே வர வாய்ப்பு அதிகம். விலையின் அளவை நேரடியாகக் கணிக்கச் சொன்னால், பிழையைக் குறைப்பதற்கு மாடல் கண்டுபிடிக்கும் எளிய வழி நேற்றைய விலையைத் திருப்பிச் சொல்வதுதான். பதினைந்து ஆண்டு விலையை ஒரே படத்தில் அடக்கும்போது ஒரு நாள் பின்தங்கல் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு கோடுகளும் ஒன்றாகத் தோன்றுகின்றன.

இதை நீங்களே நேரில் பார்க்க, 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் முடிவு வந்த வாரத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். கருத்துக்கணிப்புகளின் உற்சாகத்தில் ஜூன் 3ஆம் தேதி நிஃப்டி 3.25 சதவீதம் உயர்ந்து 23,264இல் முடிந்தது. வாக்கு எண்ணிக்கை நாளான 4ஆம் தேதி 5.93 சதவீதம் சரிந்து 21,885இல் நின்றது. 5ஆம் தேதி 3.36 சதவீதம் மீண்டு 22,620க்கு வந்தது. உங்கள் மாடல் 4ஆம் தேதிக்குச் சொன்ன எண் 23,200ஐ ஒட்டியும், 5ஆம் தேதிக்குச் சொன்ன எண் 22,000ஐ ஒட்டியும் இருந்தால், அது முந்தைய நாளைப் படியெடுக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்ததாக, எதிர்காலத் தகவல் பயிற்சிக்குள் கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலைகளை 0 முதல் 1 வரை சுருக்குவதற்கு மின்மேக்ஸ் ஸ்கேலரைப் பயன்படுத்தியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதை முழுத் தரவுக்கும் பொருத்திய பிறகு தரவைப் பயிற்சி, சோதனை என்று பிரித்தீர்களா, அல்லது பிரித்துவிட்டுப் பயிற்சிப் பகுதிக்கு மட்டும் பொருத்தினீர்களா? முழுத் தரவுக்கும் பொருத்தியிருந்தால், 2024 செப்டம்பரில் நிஃப்டி 26,200ஐத் தாண்டப்போகிறது என்ற செய்தி 2015ஆம் ஆண்டின் எண்களுக்குள்ளேயே புகுந்துவிடும். 8,000 என்ற விலை உச்சத்திலிருந்து வெகு கீழே இருக்கிறது என்பதை மாடல் அப்போதே அறிந்திருக்கும். நீங்கள் இப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று நான் சந்தேகிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022 வரையிலான பயிற்சித் தரவின் உச்சம் ஏறக்குறைய 18,800தான். அதை மட்டுமே பார்த்த எல்.எஸ்.டி.எம். மாடல், தான் ஒருபோதும் பார்த்திராத 24,000, 25,000 மட்டங்களில் பொதுவாகத் தடுமாறி, உண்மைக் கோட்டுக்குக் கீழே தொங்கும். உங்கள் படத்தில் கோடுகள் அவ்வளவு நேர்த்தியாகப் படிந்திருப்பது இயல்பாக இல்லை. விலைக்குப் பதிலாக அன்றாடச் சதவீத மாற்றத்தைக் கணிக்கச் சொன்னால் இந்தச் சிக்கலே எழாது. ஆனால் அப்போது வரைபடம் இப்படி அழகாக வராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த 56 சதவீதம். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 490 வர்த்தக நாள்கள் வரும். நாணயத்தைச் சுண்டித் திசை சொன்னாலும், அத்தனை நாள்களில் கிடைக்கும் மதிப்பெண் 50ஐச் சுற்றி 2.3 சதவீதப் புள்ளி அளவுக்குத் தற்செயலாகவே அலையும். சந்தை உயர்ந்துகொண்டிருந்த காலத்தில் “நாளை உயரும்” என்று தினமும் ஒப்புவிக்கும் நிரலே பாதிக்கு மேல் மதிப்பெண் பெறும் என்பதால், உங்கள் எண்ணை 50உடன் ஒப்பிடாமல் அந்த நிரலுடன் ஒப்பிடுங்கள். இதற்கு மேலும் ஒன்று உண்டு. பல அமைப்புகளை முயன்று, சோதனைக் காலத்தில் மிகச் சிறப்பாக வந்ததைத் தேர்ந்தெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வெறும் நாணயம் சுண்டும் நாற்பது நிரல்களை 490 நாள்கள் ஓடவிட்டால் அவற்றில் முதலிடம் பெறுவது சராசரியாக 55 சதவீதத்தை எட்டிவிடும். தேர்வு செய்வதற்குப் பயன்பட்ட தரவு அந்த நிமிடமே சோதனைத் தரவு என்ற தகுதியை இழந்துவிடுகிறது. அமைப்பை இன்றோடு உறையவிட்டு, இனிவரும் ஓராண்டுக்குக் காகிதத்தில் மட்டும் கணிப்புகளைத் தேதியிட்டுக் குறித்து வாருங்கள். அந்த எண்ணைத்தான் ஓரளவு நம்பலாம்.


பழைய டெர்மினல் (பதில்):

எண்கணிதன் கணக்குப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். ஒரு தரகு நிறுவனத்தில் டீலராக நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் நடைமுறைப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

நீங்கள் கணிக்கும் “முடிவு விலை” என்பது அந்த விலையில் யாரும் வாங்கவோ விற்கவோ கூடிய விலையன்று. தேசிய பங்குச்சந்தையில் குறியீட்டின் முடிவு மதிப்பு, அதில் உள்ள பங்குகளின் கடைசி அரைமணி நேர வர்த்தகத்தின் எடையிட்ட சராசரியிலிருந்து கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது, 3.30க்குத் திரையில் ஓடிக்கொண்டிருந்த எண் வேறாகவும், பிறகு வெளியாகும் எண் வேறாகவும் இருப்பதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். அந்த முடிவு மதிப்பை உள்ளீடாகக் கொடுத்தால்தான் உங்கள் மாடல் நாளையைப் பற்றிப் பேசும். அதாவது, கணிப்பு உங்கள் கைக்கு வரும்போது சந்தை மூடியிருக்கும். மறுநாள் காலை 9.15க்குத்தான் நீங்கள் உள்ளே நுழைய முடியும். இடைப்பட்ட இரவில் அமெரிக்கச் சந்தை நடக்கிறது, கிஃப்ட் நிஃப்டி (குஜராத்தின் கிஃப்ட் நகரச் சந்தையில் இரவிலும் நடக்கும் நிஃப்டி ஃப்யூச்சர்ஸ்) நகர்கிறது, பெரும்பாலான நாள்களில் மாற்றத்தின் கணிசமான பங்கு தொடக்க விலையிலேயே ஏறிவிடுகிறது. உங்கள் பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் நடத்திப் பார்க்கும் வர்த்தகச் சோதனை), நேற்றைய முடிவு விலையில் வாங்கி இன்றைய முடிவு விலையில் விற்றதாகக் கணக்கிட்டிருந்தால், அதில் காட்டும் லாபத்தில் ஒரு பெரும் பகுதி யாருக்கும் கிடைக்காத லாபம். தொடக்க விலையில் நுழைவதாக மாற்றி மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

செலவையும் போட வேண்டும். ஃப்யூச்சர்ஸ் விற்பனையின் மீதான பங்குப் பரிவர்த்தனை வரி 2024 அக்டோபரில் 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தெரியும். தினமும் ஒருமுறை வாங்கி விற்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 முறை. அந்த 0.02 சதவீத விகிதத்தில் ஒப்பந்த மதிப்பில் ஐந்து சதவீதம் அந்த வரிக்கு மட்டுமே போய்விடும். குறியீட்டு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பைப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 15 லட்சம் ரூபாயாக உயர்த்திவிட்டதால், ஒரே ஒரு லாட் (ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவு) வைத்து விளையாடினாலும் அந்த விகிதத்தில் ஆண்டுக்கு 75,000 ரூபாய் வரியாகச் செல்லும். தரகு, சந்தைக் கட்டணம், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்குமான இடைவெளி எல்லாம் இதற்கு மேல். இந்தச் செலவுகளைக் கழிக்காத பேக்டெஸ்டைக் கொண்டுவந்து காட்டியவர்களை நான் எண்ணி முடிக்க மாட்டேன்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதையும் யோசியுங்கள். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஃப்யூச்சர்ஸிலும், குறித்த விலையில் வாங்கும் அல்லது விற்கும் உரிமையான ஆப்ஷனிலும்) ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள். அவர்கள் கூட்டாக இழந்த தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அதே ஆய்வு, 2023–24இல் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தப் பிரிவில் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதமும், சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் அல்கோ வர்த்தகத்திலிருந்து (கணினி நிரல்களே தானாக ஆர்டர் போடும் வர்த்தகத்திலிருந்து) வந்ததாகச் சொல்கிறது. அவர்களுடைய சர்வர்கள் சந்தையின் கணினிக் கூடத்துக்குள்ளேயே வாடகைக்கு இருக்கின்றன. நீங்கள் அன்றாட முடிவு விலையை இலவசமாக இறக்கிக்கொண்டு அவர்களுடன் போட்டியிடப் போகிறீர்கள்.

என் யோசனை: மாடலைத் தொடர்ந்து எழுதிக் கற்றுக்கொள்ளுங்கள், ஃப்யூச்சர்ஸ் பக்கம் போகாதீர்கள்.


மேட்டூர்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஜூன் 2024 பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 5ஆம் தேதிக்கு என் மாடல் சொன்ன விலை, 4ஆம் தேதியின் முடிவு விலைக்கு மிக அருகில்தான் இருக்கிறது. ஒற்றை வரி நிரலின் பிழையும் என் மாடலின் பிழையைவிடக் குறைவாகவே வருகிறது. ஆகவே அந்தக் கேள்வி முடிந்தது. ஆனால் அந்த 97 சதவீதத்தைப் படித்த பிறகு வேறொரு கேள்வி எழுகிறது. யாராலும் கணிக்க முடியாது என்றால் அந்த நிறுவனங்கள் எதை வைத்துச் சம்பாதிக்கின்றன? சந்தையில் கணிக்கத்தக்கதாக ஏதாவது இருக்கிறதா? மொழி மாடல் பற்றிய கேள்விக்கும் யாராவது விடை சொன்னால் நன்றாக இருக்கும்.


நிகழ்தகவு (பதில்):

“யாராலும் முடியாது” என்று முந்தைய பதில்களில் எவரும் சொல்லவில்லை. ஆனால் பழைய டெர்மினல் எழுதிய தொனியில் அப்படிப் பொருள்படுகிறது என்பதால் சற்று மாறுபட விரும்புகிறேன். அல்கோ லாபம் அனைத்தும் கணிப்பினால் வந்த லாபம் அன்று. வாங்கும் விலை, விற்கும் விலை என இருபுறமும் விலை கூறி அவற்றின் இடைவெளியைச் சம்பாதிப்பது, ஆப்ஷனுக்கும் ஃப்யூச்சர்ஸுக்கும் இடையே விலை பிசகும் கணத்தில் நுழைந்து வெளியேறுவது போன்றவற்றுக்கு வேகம்தான் மூலதனம். நாளை நிஃப்டி எங்கே இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

உண்மையான கணிப்பு எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதற்கு நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. ஷிஹாவ் கூ, பிரையன் கெல்லி, டாச்செங் ஷியு ஆகிய மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 30,000 அமெரிக்கப் பங்குகளின் அறுபது ஆண்டுத் தரவை எடுத்துக்கொண்டு, நேர்கோட்டு முறைகள் முதல் நரம்பு வலைப்பின்னல் வரை எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். முதல் வரிசையில் வந்த நரம்பு வலைப்பின்னல், பயிற்சியில் பார்க்காத காலத்தில், ஒரு பங்கின் மாதாந்திர ஏற்ற இறக்கத்தில் விளக்கிக் காட்டிய பங்கு சுமார் 0.4 சதவீதம்தான். மீதி 99.6 சதவீதம் அதற்கும் இரைச்சலே. இந்த 0.4ஐ ஆயிரக்கணக்கான பங்குகளில் பரப்பி, மாதந்தோறும் தொடர்ந்து செய்யும்போது அது பொருட்படுத்தத்தக்க லாபமாகிறது. ஒரே ஒரு குறியீட்டில், ஒரு நாளுக்கு ஒரு பந்தயம் கட்டுபவருக்கு இத்தகைய மெல்லிய சாதகம் இரைச்சலில் மூழ்கிவிடும். அது இருக்கிறதா இல்லையா என்று உறுதிப்படுத்தவே பல ஆண்டுகள் ஆகும்.

கிடைத்த சாதகமும் நிலைப்பதில்லை. மெக்லீன், போன்டிஃப் ஆகிய ஆய்வாளர்கள் 2016இல், ஆய்விதழ்களில் வெளியான 97 கணிப்புக் காரணிகளைத் திரும்பச் சோதித்தபோது, ஆய்வு வெளியான பிறகு அவற்றின் லாபம் சராசரியாக 58 சதவீதம் குறைந்திருந்தது. எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் அந்த இடத்தில் விலையே சரியாகிவிடுகிறது. மழையை எத்தனை பேர் கணித்தாலும் மழை மாறாது; விலையைப் பலர் கணித்து அதன்படி வாங்கினால் விலை மாறிவிடும். கணித மாடல்களைக் கொண்டு வர்த்தகம் செய்யும் அமெரிக்காவின் ரெனேசான்ஸ் நிறுவனத்தின் மெடாலியன் நிதி பல பத்தாண்டுகளாக வியப்பூட்டும் வருமானம் ஈட்டியது உண்மைதான். ஆனால் அதன் அளவை ஓர் எல்லைக்கு மேல் வளரவிடாமல் வைத்திருக்கிறார்கள், வெளியாருக்கு அதில் இடம் இல்லை, அதே நிறுவனம் வெளியாருக்கென்று நடத்தும் நிதிகள் 2020இல் பெரிய நட்டம் கண்டன.

திசையைவிட ஏற்ற இறக்கத்தின் அளவு நன்றாகவே கணிக்கத்தக்கது. எண்கணிதன் காட்டிய அதே மூன்று நாள்களை மறுபடி பாருங்கள்: 3.25 மேலே, 5.93 கீழே, 3.36 மேலே. திசையில் எந்த ஒழுங்கும் இல்லை. ஆனால் பெரிய நகர்வுகள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. பெரிய அசைவைத் தொடர்ந்து பெரிய அசைவும், அமைதியைத் தொடர்ந்து அமைதியும் வருவது எல்லாச் சந்தைகளிலும் காணப்படுகிறது. ராபர்ட் எங்கிள் 1982இல் ஆர்ச் என்ற மாடலில் இதைக் கணிதமாக வடித்தார். 2003இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்ததற்கு அதுவே காரணம். போலர்ஸ்லெவ் 1986இல் அதை கார்ச் என்று விரிவாக்கினார். உங்கள் தரவையும் நிரலையும் தூக்கிப் போட வேண்டாம். இலக்கை மட்டும் மாற்றி, அடுத்த ஐந்து நாள்களின் அசைவின் அளவைக் கணிக்கச் சொல்லுங்கள். கார்ச் மாடலையும், சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் இந்தியா விக்ஸ் எண்ணையும் எதிரே நிறுத்தி ஒப்பிடுங்கள். இதில் வெற்றி பெற்றாலும் உடனே பணமாகாது, ஏனெனில் ஆப்ஷன் விலைகளில் அந்த எதிர்பார்ப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும். ஆனால் எவ்வளவு தொகையை இடர்ப்பாட்டில் வைக்கலாம் என்று தீர்மானிக்க அது உதவும்.

மொழி மாடல் விஷயத்தில் மிகவும் எச்சரிக்கை தேவை. 2020 மார்ச் மாதச் செய்தித் தலைப்புகளைக் கொடுத்து “சந்தை இறங்குமா?” என்று இன்றைய சாட்ஜிபிடியிடம் கேட்டால், அந்த மாதம் 23ஆம் தேதி ஒரே நாளில் நிஃப்டி 13 சதவீதம் விழுந்தது அதன் பயிற்சித் தரவிலேயே இருக்கிறது. அது கணிக்கவில்லை, நினைவுகூர்கிறது. ஸ்கேலரில் நடக்கும் கசிவைப் போலன்றி, இந்தக் கசிவை உங்கள் நிரலில் எங்கும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எனவே அந்த மாடலின் பயிற்சி முடிந்த தேதிக்குப் பிந்தைய செய்திகளை மட்டுமே கொண்டு சோதிக்க வேண்டும். செய்தியே பொய்யாக இருக்கும் வாய்ப்பையும் மறக்க வேண்டாம். 2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ்ஸின் ட்விட்டர் கணக்கை ஊடுருவியவர்கள், வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்ததாக ஒரு வரி எழுதினார்கள். டௌ ஜோன்ஸ் குறியீடு சில நிமிடங்களில் நூறு புள்ளிகளுக்கு மேல் விழுந்து, செய்தி பொய் என்று தெரிந்ததும் மீண்டது. செய்தியைத் தானாகப் படித்து விற்ற நிரல்களுக்கு அதில் முக்கியப் பங்கு இருந்ததாகக் கருதப்படுகிறது.


சட்டப்பிரிவு (பதில்):

கடைசிக் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். பிறருடைய பணத்தை வாங்கிச் சந்தையில் நடத்தி, லாபத்தில் பங்கு எடுப்பது போர்ட்ஃபோலியோ மேலாண்மைச் சேவையாகும். அதற்கு செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்கூட ஒரு வாடிக்கையாளரிடமிருந்து 50 லட்சம் ரூபாய்க்குக் குறைவாகப் பெற முடியாது. ஆகவே நண்பர்கள் ஆளுக்குச் சில லட்சம் தந்து நீங்கள் நடத்துவது என்ற ஏற்பாட்டுக்கு வழியே இல்லை. பணத்தை அவர்கள் கணக்கிலேயே வைத்துக்கொண்டு, கட்டணம் பெற்று “வாங்கு, விற்றுவிடு” என்று சொல்வதற்கும் முதலீட்டு ஆலோசகராகவோ ஆய்வாளராகவோ பதிவு தேவை. சிறு முதலீட்டாளர்களின் அல்கோ வர்த்தகம் குறித்து செபி 2025 பிப்ரவரி 4 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, உள்ளே என்ன தர்க்கம் ஓடுகிறது என்பது பயனருக்குத் தெரியாத அல்கோவை வழங்குபவர் ஆய்வாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். நரம்பு வலைப்பின்னல் அந்த வகையில்தான் அடங்கும். அவர்களின் கணக்கு எண்ணையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு நீங்கள் ஆர்டர் போடுவது இன்னும் சிக்கலானது, ஏனெனில் நட்டம் வந்தால் அதை யார் செய்தார்கள் என்ற வழக்கு உங்களைத் தேடி வரும்.

மைத்துனர் கடனாகத் தருகிறேன் என்று வடிவத்தை மாற்றிச் சொல்லக்கூடும். அப்படியானால் நட்டம் முழுவதும் உங்களுடையது. அசலைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது, எனவே வங்கி வழியாகத்தான் வாங்க வேண்டும். எஃப் அண்ட் ஓ வருமானம் வணிக வருமானமாகக் கருதப்படுவதால், சம்பளக்காரரான நீங்கள் ஐ.டி.ஆர். 1 படிவத்தில் கணக்குத் தாக்கல் செய்ய முடியாது. நட்டமே வந்தாலும் உரிய படிவத்தில் கெடு தேதிக்குள் காட்டினால்தான் அதைப் பின்வரும் ஆண்டுகளின் வணிக லாபத்தில் கழிக்கலாம்.